பூர்பாக்கி வசூல்

ராணுவக் கணக்கு இலாகாவில் முப்பத்தைந்து வருஷ காலம் பிறர் செலவழித்த பணத்துக்கு ரசீது கேட்டே ஜீவனம் நடத்திய ஒரு மனிதனிடம், அவன் ஓய்வு பெற்ற பிற்பாடு, அவன் வீட்டு ஊஞ்சலிலேயே அமர்ந்து, அவன் மனைவி கலந்து கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, "நீங்கள் சொல்வதற்கு வவுச்சர் எங்கே?" என்று ஒருவர் கேட்பாரானால், அந்த மனிதனுடைய சித்தம் என்ன பாடுபடும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. கேட்டவர் அந்நியரும் அல்லர். என் மனைவியின் இளைய சகோதரர். தொழிலால் ஆடிட்டர், தொழிலை விட்ட பிறகும் சுபாவத்தால் ஆடிட்டர். கணக்கு எழுதுகிறவனுக்கும் அதைத் தணிக்கை செய்கிறவனுக்கும் இடையே ஆதி நாள் தொட்டு நிலவிவரும் சிநேகத்தைப் பற்றி அறிந்தவர்களுக்கு எங்கள் உறவின் தன்மை உடனே விளங்கிவிடும்.

புனே நகரத்து ராஸ்தா பேட்டையில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிவிட்ட ஒரு சந்தில், ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சம்பாஷணை நடைபெறுவது வழக்கம். அன்றைய தினம் பேச்சு எப்படியோ இவ்வூர்ப் பண்டிதர்கள் பேரில் திரும்பிற்று. நானும் சும்மா இராமல், எப்போதோ எங்கேயோ படித்த ஒரு சமாசாரத்தைப் பிரஸ்தாபித்தேன். அதாவது, 1931-ஆம் வருஷத்தில், இருபத்து நான்கு வயது வாலிபராக இருந்த தாமோதர் தர்மானந்த கோசாம்பி, பிற்காலத்தில் புனேயில் குடியிருந்து பெர்குஸன் கல்லூரியில் கணிதம் கற்பித்து, அதற்கும் பிறகு டெக்கான் குவீன் ரயிலில் பம்பாய்க்குப் போய்வந்து ஆராய்ச்சி நடத்திய அதே கோசாம்பி, தம்மோடு மல்லுக்கு நின்ற ஒரு சக ஆசிரியரை மட்டந்தட்டும் உத்தேசத்துடன், 'பூர்பாக்கியின் இரண்டாம் தேற்றத்தின் ஒரு பொதுமைப்படுத்தல்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி, ஐக்கிய மாகாணத்து விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் அச்சேற்றிவிட்டார். அந்தப் பூர்பாக்கி, ருஷ்யப் புரட்சியின்போது விஷம் வைத்துக் கொல்லப்பட்ட ஒரு கணித மேதை என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அப்படி ஒரு மேதை ருஷ்யாவிலோ வேறெங்குமோ பிறக்கவும் இல்லை, விஷம் குடிக்கவும் இல்லை. யோசனையைக் கொடுத்தவர் அப்போது அலிகாரில் பேராசிரியராக இருந்த ஆந்த்ரே வெய் என்ற பிரெஞ்சுக்காரர். தோற்றுப்போன ஒரு பிரெஞ்சுத் தளபதியின் பெயரை இரவல் வாங்கிக் கட்டிய வேஷம் அது. இதே வெய்யும் அவருடைய தோழர்களும் சில வருஷங்களில் பிரான்ஸில் ஒன்றுகூடி, அதே பூர்பாக்கியின் பெயரால் பெரும் பெரும் கணிதப் புத்தகங்களை எழுதித் தள்ளிய வைபவம் உலகப் பிரசித்தம்.

மைத்துனர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அத்திம்பேரே, ஒரு மனுஷர் கட்டுரை எழுதி அச்சிலே வந்திருக்கிறது என்கிறீர்கள். அதிலே குறிப்பிட்ட ஆள் கிடையவே கிடையாது என்கிறீர்கள். கட்டுரையை நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா?"

"பார்த்ததில்லை."

"பார்க்காமலே பாக்கி எழுதுகிறது உங்கள் இலாகா வழக்கம்போல் இருக்கிறது" என்றார். பூர்பாக்கி என்ற பெயரின் பின்பாதி அவருக்கு அநாவசியமான உற்சாகத்தை ஊட்டிவிட்டது. ஒரு மாதத்துக் காப்பிப்பொடி பந்தயம் என்று தீர்மானமாயிற்று. ஒரு வார காலத்துக்குள் நான் கட்டுரையைக் கொண்டுவந்து காண்பிக்க வேண்டும். அதுவும் கண்ட கண்ட சஞ்சிகையாக இருக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை வேறு. அவர் அப்படி நிபந்தனை போட்டதிலும் நியாயம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற போலி ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் மலிந்து, நல்லவை எவை என்று பொறுக்கிப் பட்டியல் போடுவதற்கென்றே ஒரு பிரிவை இந்தப் புனே பல்கலைக்கழகத்தில்தான் வைத்திருந்தார்கள். 2025 தொடக்கத்தில் அந்தப் பட்டியலையே கைவிட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மறுநாளே ஒரு நூலகத்துக்குப் போனேன். இன்ன நூலகம் என்று சொல்லப்போவதில்லை. மறுபடியும் அங்கே போகவேண்டிய அவசியம் எனக்கு இருக்கிறது. புனே நகரத்து அறிவிப்புப் பலகைகளைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை: இவ்வூரில் பலகை என்பது தகவல் தெரிவிப்பதற்காக எழுதப்படுவதன்று, வருகிறவனுடைய கர்வத்தை வாசலிலேயே இறக்கி வைப்பதற்காக எழுதப்படுவது. அந்த நூலகத்தின் வாயிற்படியில் ஒன்று: 'காலணிகளை வெளியே விடவும்; களவு போனால் நாங்கள் பொறுப்பல்ல, வருத்தப்படவும் மாட்டோம்.' படிக்கும் கூடத்தில் மற்றொன்று: 'உறங்க வருகிறவர்கள் குறட்டைக்கு முன் அநுமதி பெறவும்.' கணினிகள் வரிசையாக அமர்ந்திருந்த மூலையில் மூன்றாவது பலகை: 'யந்திரம் சரியாக இருக்கிறது. நீங்கள் கேட்டதில்தான் கோளாறு.' முதல் இரண்டையும் படித்துச் சிரித்த நான் மூன்றாவதைப் படித்தபோதும் சிரித்தேன். அதன் சத்தியம் எனக்குப் புரிவதற்கு நான்கு தினங்கள் ஆயின.

தேடுவதை ஒரு தவமாகவே செய்துவந்த ஊர் இது. 1917-இல் தோன்றிய பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தில் மகாபாரதத்துக்குச் சுத்தப் பதிப்புக் கொண்டுவர வேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டு, 1,259 சுவடிகளைத் திரட்டி, சுலோகம் சுலோகமாக ஒப்பிட்டு, 1919-இல் தொடங்கிய காரியத்தை 1966-இல் முடித்தார்கள். தலைமைப் பதிப்பாசிரியர் சுக்தங்கர் நடுவிலேயே காலமாகிவிட, பிறகு வந்தவர்கள் தொடர்ந்து இழுத்தார்கள். எரவாடாப் பக்கத்தில் டெக்கான் கல்லூரியில் 1948-இல் ஒரு சமஸ்கிருத அகராதிக்கு அடி போட்டு, சுமார் 1,500 நூல்களிலிருந்து ஒவ்வொரு சொல்லும் எங்கே எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று ஏறக்குறைய ஒரு கோடி துண்டுச் சீட்டுகளில் கையால் எழுதி, அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கிறார்கள். முதல் பகுதி அச்சாகி வெளிவந்தது 1976-இல். அகராதி இன்னும் முதல் உயிரெழுத்தை விட்டுப் பெயரவில்லை. ஒரு கோடிச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்களே, அவர்களில் ஒருவராவது ஒரு வாரத்துக்குள் காப்பிப்பொடி கிடைக்குமா என்று கவலைப்பட்டிருப்பாரா?

இப்படிப்பட்ட ஊரில் நான் ஒரு கணினியின் முன்னே உட்கார்ந்தேன். நூலகத்துச் சிப்பந்தியாகிய ஒரு மராட்டியப் பெண், பேத்தி வயதினள், "காகா, காய் பாஹிஜே?" என்று விசாரித்தாள். புனேயில் நரைத்த தலை அனைத்தும் காகாவே. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு நான் விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்க, அவள் மிகுந்த பணிவோடு குறுக்கிட்டு, "அவ்வளவும் வேண்டாம் காகா, கீவேர்டு மட்டும் சொல்லுங்கள்" என்றாள். எனக்கு அப்போதுதான் முதல் அடி விழுந்தது. ஒரு கதையைச் சொல்லத் தெரிந்த மனிதனால் அதை இரண்டு சொல்லாக அடக்க இயலாது. அப்படி அடக்க முடியுமானால் நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள் நான்கு பக்கம் ஓடுமா?

முதற்கண் அங்கத்தினனாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று யந்திரம் கட்டளையிட்டது. அதில் 'கடைசிப் பெயர்' என்று ஓர் இடம். தமிழனுக்கு ஏது கடைசிப் பெயர்? தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பிறகு தன் பெயர், தீர்ந்தது. அந்த இடத்தைக் காலியாக விட்டால் யந்திரம் சிவப்பெழுத்தில் கோபித்துக்கொள்கிறது. வேறு வழியின்றித் தகப்பனாரின் திருநாமத்தை முழுமையாக எழுதினேன். அன்று முதல், மாயவரத்துக்கு வடக்கே ஒருமுறைகூடப் பிரயாணம் செய்தறியாமல், நாற்பது வருஷங்களுக்கு முன்பே வைகுண்ட பதவி அடைந்துவிட்ட என் தகப்பனார், புனே நகரத்து நூலகம் ஒன்றின் அங்கத்தினர். 'அன்புள்ள' என்று தொடங்கி அவருக்குத்தான் கடிதங்கள் வருகின்றன. அவர் எடுத்த புத்தகத்தைத் திருப்பவில்லை என்று ஒரு தாக்கீது வந்தபோது என் மனைவி கண்கலங்கிவிட்டாள்.

இந்தச் சங்கடத்தைப் பற்றி யாராவது முன்கூட்டி யோசித்திருக்கிறார்களா என்றால், யோசித்தவரும் தமிழரே. சீர்காழியில் 1892-இல் பிறந்த ரங்கநாதனைச் சொல்கிறேன். சென்னை ராஜதானிக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்தவரை 1924 ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராக நியமித்தார்கள். போன சில தினங்களிலேயே அந்த நிசப்தம் சகிக்க முடியாமல், பழைய உத்தியோகத்தையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கல்லூரித் தலைவரிடம் ஓடி வந்தார். லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்று வாரும், அதற்குப் பிறகும் சலிப்பாக இருந்தால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். போன இடத்தில், ஒரு கடையில், துண்டு துண்டான இரும்புப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு வேண்டிய பொம்மையை வேண்டியபடி பூட்டிக்கொள்ளும் விளையாட்டுச் சாமானைக் கண்டார். புத்தகங்களின் விஷயத்தையும் அப்படித் துண்டுகளாகப் பிரித்து வேண்டியபடி பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை அந்த விளையாட்டுச் சாமானின் குழந்தை. நூலகத்தை விட்டு ஓடப் பார்த்தவர் நூலகத்துக்கு மனுதர்மம் எழுதிவிட்டார். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகனுடைய காலத்தை மிச்சப்படுத்து என்பது. இந்தியர்களுடைய பெயர்களில் எது ஊர், எது தகப்பன், எது ஆள் என்று பிரித்தறிந்து அட்டவணையில் ஏற்ற வேண்டும் என்பதிலும் அவர் மிகுந்த சிரத்தை கொண்டிருந்தார். ஏன் கொண்டிருக்க மாட்டார்? அவருடைய பெயரின் முதலெழுத்து எஸ் என்பது சீர்காழி, இரண்டாவது ஆர் என்பது தகப்பனார் ராமாமிருதம். இந்தப் புனேயில் கோகலே ஸ்தாபித்த இந்திய ஊழியர் சங்கத்துக்கு 1915-இல் அவருக்குப் பின் தலைவரான நம்முடைய வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாரைத் தேடிப் பாருங்கள். ஸ்ரீநிவாஸன் என்ற ஆள் காணாமற்போய், யந்திரத்தில் எஞ்சி நிற்பது சாஸ்திரி ஒன்றே. சாஸ்திரிகள் தேசத்தில் எத்தனை பேர்!

கோசாம்பிக்கு வருகிறேன். யந்திரத்தில் கோசாம்பி என்று எழுதிப் பொத்தானை அமுக்கினேன். ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்து குவிந்தன. ஆஹா என்று முதற்கட்டுரையைத் திறந்தால், நெற்பயிரில் ஏதோ ஒரு நோயை எதிர்க்கும் மரபணுவைப் பற்றியது. இரண்டாவது கோதுமை. மூன்றாவது கொண்டைக்கடலை. நான் யந்திரத்துக்குப் பசி வந்துவிட்டதோ என்றே நினைத்தேன். விசாரித்ததில், இந்த மனிதர் 1944-இல், ஒரு குரோமோசோமில் இரண்டு மரபணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தை மதிப்பிட ஒரு சூத்திரம் கண்டுபிடித்து வெளியிட்டாராம்; உலகத்தில் எந்த மூலையில் எவர் எந்தப் பயிரின் மரபணுவை அளந்தாலும் கோசாம்பி சூத்திரத்தைப் பிரயோகித்தேன் என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டியிருக்கிறதாம். அரிசி, கோதுமை, கடலை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு பத்தாம் பக்கத்துக்குப் போனால், அங்கே மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஒரு கூட்டம். கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நாட்டில் புத்தர் காலத்தில் ஓங்கி நின்ற கௌசாம்பி நகரத்தைப் பாலி பாஷையில் கோசம்பி என்பார்கள் அல்லவா, அதைத் தோண்டியவர்கள் எழுதிய கட்டுரைகள் அவை. நான் தேடும் மனிதர் பழைய முத்திரைக் காசுகளை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்து, கைமாறிக் கைமாறி அவை தேய்ந்த தேய்மானத்திலிருந்து சரித்திரம் கணித்தவராதலால், கடப்பாரைக் கூட்டத்தின் நடுவே அவரும் நின்றுகொண்டிருந்தார். அவரை அடையாளம் கண்டு அருகில் போவதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. புனேயில் பகல் ஒன்று முதல் நான்கு வரை சிவபெருமானே வந்து கதவைத் தட்டினாலும் திறக்கமாட்டார்கள்.

இரண்டாம் நாள், முதலெழுத்துகளையும் சேர்த்து டி. டி. கோசாம்பி என்று தேடும்படி அந்தப் பெண் உபதேசித்தாள். நெல்லும் கடலையும் ஓரளவு விலகின. ஆனால் யந்திரம் காண்பித்த கட்டுரைகளிலும் நூல்களிலும் பாதி, பௌத்த தர்மம் பற்றியவை, பாலி இலக்கியம் பற்றியவை. கணிதம், காசு, மரபணு, சமஸ்கிருதம் இத்தனையும் செய்தவர் பாலியும் செய்திருக்கலாம் என்று எண்ணி, மிகுந்த பக்தியோடு இரண்டு மணி நேரம் படித்தபின், ஓரிடத்தில் அவர் 1947-இல் காலமானார் என்று கண்டேன். 1944-இல் சூத்திரம் கண்டுபிடித்து, 1947-இல் காலமாகி, 1957-இல் சமஸ்கிருத நூல் பதிப்பித்தவர் எவராயினும் அவர் சாதாரண மனிதர் அல்லர் என்று எனக்குத் தோன்றிற்று.

ரகசியம் இதுதான். மகன் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. தகப்பன் தர்மானந்த தாமோதர் கோசாம்பி. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைத்து, தகப்பனார் பெயரை நடுவில் வைக்கும் மராட்டி, கொங்கணி வழக்கத்தால் இருவரும் ஆங்கிலத்தில் டி. டி. கோசாம்பி! விதி இத்தோடும் விடவில்லை. ஹார்வர்டு சர்வகலாசாலை வெளியிடும் கீழ்த்திசை நூல்வரிசையில் 41-வது நூல், 1950-இல் வந்த விசுத்திமக்கம். அதைத் திருத்திப் பதிப்பித்தவர் தகப்பன் டி. டி. கோசாம்பி. அடுத்த 42-வது நூல், 1957-இல் வந்த சுபாஷித ரத்னகோசம். அதைக் கோகலே என்பவருடன் சேர்ந்து பதிப்பித்தவர் மகன் டி. டி. கோசாம்பி. அலமாரியில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இரண்டு புத்தகங்கள், இரண்டிலும் ஒரு கோசாம்பி, ஆனால் இரண்டு மனிதர்கள். இந்த இடத்தில் நம் தாய்மொழியின் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழெழுத்தில் தகப்பன் த. தா. கோசாம்பி, மகன் தா. த. கோசாம்பி. ஒரு துணைக்கால் இடம் மாறி நிற்பதிலேயே தகப்பனும் மகனும் பிரிந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு அந்தத் துணைக்கால் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் நூலகப் பெண் எனக்கு மந்திரோபதேசம் செய்தாள். அண்ட், ஆர், நாட் என்ற மூன்று பீஜாட்சரங்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இட்டுத் தேடினால், வேண்டியதை வேண்டியபடி பெறலாமாம். ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணிதர், சிந்தனையின் விதிகளை எல்லாம் சமன்பாடுகளாக மாற்றிவிடலாம் என்று 1854-இல் ஒரு புத்தகம் எழுதினார். சிகரத்துக்குப் பெயர் கொடுத்த எவரெஸ்ட் துரையின் சகோதர புத்திரியை மணந்தவர் அவர். கொட்டும் மழையில் நடந்து போய் ஈர உடையோடேயே பாடம் நடத்தி, சளிக்காய்ச்சல் கண்டு, 1864-இல் 49-வது வயதில் இறந்தார். சிந்தனையின் விதிகளை அறிந்தவருக்குக் குடையைப் பற்றிய சிந்தனை எழவில்லை. அவருடைய தர்க்கம்தான் இன்றைய யந்திரங்களின் உயிர்நாடி என்கிறார்கள். அந்தத் தர்க்கம் நம் கிருகஸ்தாசிரமத்துக்கு நேர் விரோதமானது என்பதை மாத்திரம் எவரும் எச்சரிப்பதில்லை. வீட்டில், "துவரம்பருப்பும் புளியும் வாங்கி வாருங்கள்" என்றால் பை கனக்கிறது. யந்திரத்திடம் 'அண்ட்' போட்டு அதையே கேட்டால், ஒரே சமயத்தில் துவரம்பருப்பாகவும் புளியாகவும் இருக்கிற வஸ்து எதுவோ அதை மட்டும் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று கைவிரிக்கிறது. "காப்பியா, டீயா?" என்று கேட்கும் கிருகிணி ஒன்றைத்தான் தருவாள், பூல் துரையின் வீட்டில் 'ஆர்' போட்டுக் கேட்டால் இரண்டும் வரும், இரண்டையும் கலந்த ஒன்றும் வரும்.

'நாட்' என்பதுதான் இவற்றுள் மகா ஆபத்தானது. நெல்லின் தொல்லை தாங்காமல், கோசாம்பி வேண்டும், ஆனால் மரபணு வேண்டாம் என்று உத்தரவிட்டேன். திரை பளிச்சென்று சுத்தமாயிற்று. நான் அகமகிழ்ந்து போனேன். ஆனால் அந்த மனிதருடைய வாழ்க்கையையும் குறும்புகளையும் விஸ்தாரமாக எழுதியவர் எவரோ, அவர் போகிற போக்கில் ஒரு வரியில் மரபணுச் சூத்திரத்தையும் புகழாமல் இருந்திருப்பாரா? அந்த ஒரு வரிக்காக அவருடைய கட்டுரை முழுவதும் நாடு கடத்தப்பட்டுவிட்டது. கோசாம்பியைப் பற்றி எதுவும் அறியாதவர்கள் எழுதியவை மட்டும் என் முன்னே மிஞ்சி நின்றன. வேண்டாத உறவினர் ஒருவரை விலக்கப் போய், அவரோடு ஒரு வார்த்தை பேசியவர்களை எல்லாம் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட கல்யாண வீட்டுக்காரனின் நிலை எனக்கு.

நடுவில் வேறொன்றும் தெரியவந்தது. பொய்ப்பெயர் சூட்டுவதில் இந்த மனிதருக்கு இளமையில் உண்டான ருசி முதுமையிலும் போகவில்லை. 1960-களில் பகா எண்களைப் பற்றி எஸ். டூக்ரே என்ற பெயரில் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார். ஆக, கோசாம்பி என்று தேடினால் கோசாம்பி அல்லாதவர்கள் வருகிறார்கள். கோசாம்பி எழுதியதோ வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது.

இதற்கிடையே, கிடைத்த சில கட்டுரைகளைத் திறக்க முயன்றால் வாசலில் பூட்டு. உள்ளே போக டாலரில் கட்டணம். 2024 நவம்பர் 25-ஆம் தேதி மத்திய மந்திரிசபை அங்கீகரித்த 'ஒரே தேசம், ஒரே சந்தா' என்ற ஏற்பாட்டினால் அரசாங்கக் கல்வி ஸ்தாபனங்களிலும் ஆராய்ச்சி ஸ்தாபனங்களிலும் உள்ளவர்களுக்கு இந்தப் பூட்டுகள் பல திறந்துவிட்டன. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள், 2025 முதல் மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். பழைய தொழில் விடவில்லை. பென்சிலை எடுத்து வகுத்துப் பார்த்தேன். ஒரு சஞ்சிகைக்கு வருஷத்துக்குச் சுமார் 15 லட்சம் ரூபாய் விழுகிறது. எழுதுகிறவருக்கு அதில் காலணாக் கிடையாது என்று கேள்விப்பட்டபோது, தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எழுதிய அநுபவமுள்ள எனக்கு ஆச்சரியம் ஒன்றும் உண்டாகவில்லை. நான் மாணவனும் அல்லன், ஆசிரியனும் அல்லன்; என் தகப்பனாரோ காலமானவர்; ஆகவே எங்கள் இருவருக்கும் பூட்டு பூட்டாகவே இருந்தது.

அன்று மாலை, இன்ஜினீயரிங் படிக்கும் மைத்துனருடைய பேரன் என் முகவாட்டத்தைக் கண்டு இரங்கி, "தாத்தா, இதற்குப் போய் மூன்று நாளா?" என்று, தன் கைப்பேசியில் உரையாடும் யந்திரம் ஒன்றிடம் விசாரித்தான். அது க்ஷண நேரத்தில், கட்டுரையின் பெயர், சஞ்சிகையின் பெயர், சம்புட எண், பக்க எண் எல்லாவற்றையும், ஐயமே இல்லாத குரலில் ஒப்பித்தது. நான் ஆனந்த பரவசனாகி எழுதிக்கொண்டு, நான்காம் நாள் காலை கதவு திறக்குமுன் நூலகத்தில் போய் நின்றேன். அப்படி ஒரு சம்புடமும் இல்லை. அப்படி ஒரு சஞ்சிகையே இல்லை. 1931-இல் ஒரு வாலிபர் யோசித்து யோசித்துச் செய்த குறும்பை, இந்த யந்திரம் குறும்பு என்ற பிரக்ஞைகூட இல்லாமல் நொடிக்கு நொடி செய்துகொண்டிருக்கிறது. இல்லாத பூர்பாக்கியைப் பற்றிய கட்டுரைக்கு இல்லாத முகவரி கொடுத்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்தது. என்றாலும் காப்பிப்பொடிக்கு அது உதவாது.

அந்தப் பெண்தான் கடைசியில் வழி காட்டினாள். "காகா, மனுஷரை விட்டுவிடுங்கள். தலைப்பிலிருந்து நாலு வார்த்தையை மேற்கோள் குறிக்குள்ளே போட்டுத் தேடுங்கள்" என்றாள். போட்டேன். ஒரே ஒரு விடை வந்தது. கோசாம்பியின் கணிதக் கட்டுரைகளைத் திரட்டி 2016-இல் ஒரு தொகுதி வெளியிட்டிருக்கிறார்கள். நான் தேடியது அதில் ஒன்று. பிரதி எங்கே என்று கேட்டதற்கு, யந்திரம் ஓர் எண்ணைக் காட்டிற்று. எண்ணைப் பார்த்த அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னாலே பார்த்தாள். நான்கு நாட்களாக நான் எந்த அலமாரியின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு தேடினேனோ, அதன் இரண்டாம் தட்டில், என் வலது தோளுக்கு நேராக, அந்தப் புத்தகம் இருந்தது. ரங்கநாதனின் நான்காம் விதியை நினைத்துக்கொண்டேன்.

கட்டுரை மொத்தம் மூன்றே பக்கம். அந்தப் புத்தகத்தை மட்டும் வெளியே எடுத்துப் போக அங்கத்தினராகிய என் தகப்பனாருக்கு அநுமதி இல்லையாதலால், மூன்று பக்கத்தையும் பிரதி எடுத்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

மைத்துனர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு மூன்று பக்கங்களையும் சாவதானமாகப் படித்தார். சமன்பாடு வந்த இடங்களில்கூட அவசரப்படவில்லை. என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று, தம்பியின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். படித்து முடித்துக் காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"கட்டுரை இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்."

"அப்படியானால் காப்பிப்பொடி?"

"அவசரப்படாதீர்கள். இதிலே பூர்பாக்கி என்று ஒரு ருஷ்யர் இருந்தார், இன்ன தேற்றம் கண்டுபிடித்தார் என்று ஒரு பேராசிரியர் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறார். நல்ல சஞ்சிகையும்கூட. அவர் இல்லவே இல்லை என்று இதில் எந்த வரியிலே இருக்கிறது?"

நான் காகிதத்தைத் திரும்பவும் விரித்தேன். மூன்று பக்கத்திலும் ஓரிடத்திலாவது அப்படி ஒரு வரி இல்லை. இருக்குமா? பரிகாசம் செய்கிறவன் இது பரிகாசம் என்று அடிக்குறிப்பு எழுதுவானா? அந்த விவரமெல்லாம் தொகுதிக்குப் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையில் இருந்தது. அந்தப் பக்கங்களுக்கு நான் பிரதி எடுக்கவில்லை. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று பலகை மாட்டியிருந்தது.

"உங்கள் வவுச்சரே என் கட்சியைத்தான் சொல்கிறது, அத்திம்பேரே" என்று சொல்லிவிட்டு மைத்துனர் ஊஞ்சலை ஓர் உந்து உந்தினார். "முந்நூறு கிராம் பீபெரி, எழுநூறு கிராம் பிளான்டேஷன். சிக்கரி வேண்டாம்."

திங்கட்கிழமை காலை அந்த முன்னுரைக்குப் பிரதி எடுத்துவரப் புறப்பட்டேன். வாயிற்படியில் புதிதாக ஒரு பலகை தொங்கிற்று: 'வருஷாந்தர இருப்புக் கணக்கெடுப்பு. பதினைந்து நாள் விடுமுறை. கதவைத் தட்டுகிறவர்கள் பலகையைப் படிக்கத் தெரியாதவர்களாகக் கருதப்படுவர்.' உள்ளே யாரோ அலமாரியை நகர்த்துகிற சப்தம் கேட்டது. தட்டலாமா என்று சற்று நேரம் நின்றுவிட்டு, லக்ஷ்மி ரோடு வழியாகக் காப்பிப்பொடிக் கடைக்கு நடந்தேன்.